பன்னிரண்டு விநாடி

ஏற்காட்டிலிருந்து நாகலூர் செல்லும் சாலையில் ஒரு நாள் விடியற்காலையில் நான் ஓடிக்கொண்டிருந்தேன். மார்கழி மாதம். பத்தடிக்கு அப்பால் மரம் எது, மனிதர் யார் என்று பிரித்தறிய முடியாத மூடுபனி. சாலையோரத்தில் சுமையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த மூதாட்டி ஒருவர் என் காலடியோசை கேட்டு நிமிர்ந்து பார்த்தார். "ஏஞ்சாமி, பஸ்ஸு போயிருச்சா?" என்று கேட்டார். இல்லையென்று தலையசைத்தேன். "யாராச்சும் தொரத்துறாங்களா?" என்றார். அதற்கும் தலையசைத்தேன். "அப்ப எதுக்கு இந்த ஓட்டம்?" என்றார். விடை சொல்ல என்னிடம் அப்போது மூச்சு இல்லை. கையை உயர்த்திக் கும்பிட்டுவிட்டு மேலே ஓடிவிட்டேன். இன்று வானொலியில் பேசும் வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. மூச்சும் சீராக இருக்கிறது. அந்த அம்மையாருக்குச் சொல்லாமல் விட்ட விடையை மாணவ நண்பர்களாகிய உங்களிடம் சொல்லப் பார்க்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியன். வயது 61. பள்ளியில் படித்த காலத்தில் ஓட்டப் பந்தயம் என்றால் கொடி பிடித்து நிற்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்ட பிள்ளை நான். ஐம்பத்து மூன்றாம் வயதில் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பதைக் கண்ட மருத்துவர் தினமும் நடக்கச் சொன்னார். ஏற்காட்டு ஏரியைச் சுற்றி நடந்தேன். சில மாதங்களில் நடை அலுத்துவிட்டது. ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரைக்கும் ஓடிப் பார்த்தேன். அப்புறம் இரண்டு கம்பம். இப்படித்தான் தொடங்கிற்று. ஐம்பத்தேழாம் வயதில் ஓர் அரை மாரத்தான் போட்டியில் கலந்துகொண்டு 2 மணி 4 நிமிடம் 10 விநாடியில் ஓடி முடித்தேன். அன்றிலிருந்து ஓர் ஆசை பற்றிக்கொண்டது. அதே தூரத்தை இரண்டு மணி நேரத்தில் ஓடிவிட வேண்டும் என்பதுதான் அது.

தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1896ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் நடந்த முதல் ஒலிம்பிக் விழாவில் மாரத்தான் ஓட்டம் ஏறத்தாழ 40 கிலோமீட்டராக இருந்தது. 1908இல் லண்டன் ஒலிம்பிக்கில் அது 42.195 கிலோமீட்டர் ஆயிற்று. 1921இல் அந்த அளவே நிலையான அளவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதில் நேர்பாதி, அதாவது 21.0975 கிலோமீட்டர், அரை மாரத்தான். கடைசி 97 மீட்டர் எதற்கு என்று கேட்பவர்கள் அதை ஓடிப் பார்த்தவர்கள் அல்லர்; ஓடிப் பார்த்தவர்கள் அந்த 97 மீட்டரை மறப்பதும் இல்லை.

இனிக் கணக்குக்கு வருகிறேன். இரண்டு மணி நேரம் என்பது 7,200 விநாடி. அதை 21.0975ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி வருகிறது. நான் ஓடியதோ கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 53 விநாடி. வித்தியாசம் பன்னிரண்டு விநாடி. ஒரு தம்ளர் தண்ணீரைக் குடித்து முடிக்கிற நேரம். காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது இவ்வளவுதானா என்று தோன்றியது. கணக்கு ஆசிரியர்களுக்கு இந்தக் கெட்ட பழக்கம் உண்டு. எண் சிறிதாக இருந்தால் வேலையும் சிறிது என்று எண்ணிவிடுவார்கள்.

அந்தப் பன்னிரண்டு விநாடிக்கு எதிரே வயது என்ற ஒன்று நிற்கிறது. நம்முடைய இருதயம் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எத்தனை முறை துடிக்க முடியும் என்ற எண்ணிக்கை வயது ஏற ஏறக் குறைந்துகொண்டே வருகிறது. உடல் பிராணவாயுவை வாங்கிப் பயன்படுத்தும் ஆற்றல், உழைப்பில்லாத உடலில் முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து வீதம் குறைகிறது. தொடர்ந்து பயிற்சி செய்கிறவர்களுக்கு அந்த வீழ்ச்சி பாதியளவாக இருக்கலாம். ஆனால் வீழ்ச்சி இல்லாமற் போவதில்லை. அறுபதை ஒட்டிய வயதில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று வீதம் வேகம் குறைகிறது என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டேன். ஐம்பத்தேழில் 2 மணி 4 நிமிடத்தில் ஓடியவன் அறுபத்தொன்றில் 2 மணி 9 நிமிடத்தில் ஓடினாலே அவன் ஒன்றையும் இழக்கவில்லை என்று பொருள். எனவே நான் குறைக்க வேண்டியது நான்கு நிமிடம் அல்ல, ஒன்பது நிமிடம். காவிரியில் எதிர்நீச்சல் போடுகிறவன் நின்ற இடத்தில் நிற்பதற்கே கை வீச வேண்டியிருக்கிறதல்லவா? அதைப் போன்றதுதான் இதுவும்.

அப்படியானால் முதியவன் ஒருவன் தன்னுடைய சிறந்த நேரத்தை மேலும் சிறப்பிக்க முடியுமா? முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே பிறந்த ஒருவர் சான்றாக இருந்தார். பஞ்சாபில் ஜலந்தருக்கு அருகே பியாஸ் பிண்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர் ஃபௌஜா சிங். அவருடைய கடவுச்சீட்டு 1911ஆம் ஆண்டைப் பிறந்த ஆண்டாகக் குறிப்பிட்டது. சிறு பிள்ளையாக இருந்தபோது கால்கள் மெலிந்து, ஐந்து வயது வரை நடக்க மாட்டாமல் இருந்தவர். வாழ்நாளெல்லாம் விவசாயம். மனைவியும், பின்னர் கண்ணெதிரே ஒரு மகனும் இறந்த துயரத்தோடு, முதுமையில் இங்கிலாந்துக்குப் போய் மற்றொரு மகனோடு வசித்தார். அந்தத் துயரத்தை ஆற்றிக்கொள்ளத்தான் ஓடத் தொடங்கினார். முதல் நாள் பயிற்சிக்குக் கோட்டும் சூட்டும் அணிந்து வந்து நின்றாராம்.

2000ஆம் ஆண்டு, தம் 89ஆம் வயதில், லண்டன் மாரத்தானை 6 மணி 54 நிமிடத்தில் முடித்தார் அவர். 2003ஆம் ஆண்டு, 92ஆம் வயதில், கனடாவின் டொராண்டோ நகரில் அதே தூரத்தை 5 மணி 40 நிமிடத்தில் ஓடினார். மூன்றாண்டில் 74 நிமிடம் குறைந்தது! 2011இல், நூறு வயதில், மறுபடியும் டொராண்டோவில் எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாக ஓடி முழு மாரத்தானை முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாத காரணத்தால் கின்னஸ் நூலார் அதைச் சாதனையாகப் பதியவில்லை. அவர் பிறந்த காலத்துப் பஞ்சாபிக் கிராமத்தில் யார் பிறப்பைப் பதிந்து வைத்தார்கள்? 2025 ஜூலை மாதம், 114 வயதில், தம் ஊரருகே சாலையைக் கடக்கும்போது வாகனம் மோதி அவர் மறைந்தார். செய்தியைப் படித்த அன்று நான் ஓடவில்லை.

ஃபௌஜா சிங்குக்கு அடுத்தபடி நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் மனிதர் எட் விட்லாக். 1931இல் லண்டனில் பிறந்து, கனடாவுக்குக் குடியேறிய பொறியாளர். தம் வீட்டருகே இருந்த ஒரு கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே மணிக்கணக்காகச் சுற்றிச் சுற்றி ஓடிப் பயிற்சி செய்தார் என்பது விந்தையான உண்மை. நாற்பத்தெட்டாம் வயதில் மாரத்தானை 2 மணி 31 நிமிடத்தில் ஓடியவர். எழுபத்து மூன்றாம் வயதில், 2004இல், 2 மணி 54 நிமிடம் 48 விநாடியில் ஓடினார். எழுபது வயதைக் கடந்தவர் எவரும் அவருக்கு முன்னர் மூன்று மணி நேரத்துக்குள் மாரத்தானை முடித்ததில்லை. இருபத்தைந்து ஆண்டுகளில் அவர் இழந்தது நூற்றுக்குப் பதினைந்தே. ஆண்டுக்கு ஒன்றுகூட இல்லை!

இந்த இரு பெரியவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்று எனக்கு விளங்கிற்று. விட்லாக் ஒப்பற்ற ஓட்டக்காரர். எனினும் இளமையிலும் நடுவயதிலும் ஓடியவர் ஆகையால், எழுபதில் அவர் எவ்வளவு அற்புதமாக ஓடினாலும் நாற்பத்தெட்டில் தாம் ஓடியதை முந்த முடியாது. ஃபௌஜா சிங் அவரைவிட மிக மெதுவாக ஓடியவர். ஆனால் எண்பத்தொன்பதில் தொடங்கியதனால் தொண்ணூற்றிரண்டில் தம்மைத் தாமே வென்றார். உடலுக்கு வயது ஏறிற்று. அதைவிட விரைவாக அந்த உடல் ஓட்டத்தைக் கற்றுக்கொண்டது. காலம் தாழ்த்தித் தொடங்கியவனுக்குக் கிடைக்கிற சலுகை இது ஒன்றே. ஆனால் அந்தச் சலுகை சில ஆண்டுகளுக்குத்தான். கற்பது குறைந்து, வயது முந்திக்கொள்ளும் நாள் ஒன்று வரும். என் அவசரத்துக்குக் காரணம் அதுதான். உங்களில் இன்று பள்ளி மைதானத்தில் ஓடுகிறவர்கள் தங்கள் நேரத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அறுபது வயதில் அந்த எண்களை நீங்கள் எட்ட முடியாது; ஆனால் அவற்றைப் பார்த்துச் சிரிக்கலாம்.

முதியவர்களின் ஓட்டத்துக்கென்றே வயதுவாரியான அட்டவணைகள் இருக்கின்றன. முப்பத்தைந்து வயதிலிருந்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரித்து உலகப் போட்டிகளும் நடக்கின்றன. முதலாவது உலகப் போட்டி 1975இல் டொராண்டோவில் நடந்தது. அட்டவணையின்படி நம் நேரத்தை வயதுக்கேற்பச் சரிக்கட்டி, இளைஞராக இருந்திருந்தால் இவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். அது நியாயமான ஏற்பாடு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும், கணக்கில் சலுகை மதிப்பெண் வாங்கித் தேறிய மாணவனைப் போல ஒரு கூச்சம் எனக்கு. கடிகாரத்துக்கு என் வயது தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏற்காட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. மலைமேல் ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏரியும் காடும் சேர்ந்ததால் ஏற்காடு என்று பெயர் வந்ததாகச் சொல்லுவார்கள். அதற்கும் மேலே, மலையின் உச்சியில், குகைக்குள் சேர்வராயன் கோயில். மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் (கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்) மே மாதத்தில் அங்கே விழா எடுக்கிறார்கள். சாலையோரம் என்னை விசாரித்த மூதாட்டியும் அவர்களுள் ஒருவரே. 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பவர் இம்மலையில் காப்பியைப் பயிராக்கினார். அந்தக் காப்பித் தோட்டம் ஒன்றில்தான் என் தந்தையார் கணக்கெழுதினார்.

சேலத்திலிருந்து மலைக்கு ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. சமவெளியிலிருந்து 1,200 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். பேருந்தில் வருகிறவர்கள் வளைவுகளை எண்ணிக்கொண்டே வருவார்கள். குழந்தைகள் எண்ணத் தொடங்கிப் பத்தாவது வளைவில் வாந்தி எடுப்பார்கள். சாலையோரத்துக் குரங்குகள் கையில் பை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். வெறுங்கையோடு ஓடுகிற கிழவனை அவை மதிப்பதில்லை.

மலையில் ஓடுவதால் என்ன பயன் என்பதை உலகுக்குச் செய்து காட்டியவர் நியூசிலாந்து நாட்டின் ஆர்தர் லிடியார்டு. அவர் மாணவர்களான பீட்டர் ஸ்நெல், முர்ரே ஹால்பெர்க் என்ற இருவரும் 1960இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் ஒரே நாளில் தங்கப் பதக்கம் வென்றார்கள். ஸ்நெல் ஓடியது வெறும் 800 மீட்டர். அதற்காகவும் அவரை மேடும் பள்ளமுமான பாதையில் 22 மைல் ஓட வைத்தவர் லிடியார்டு. அதைவிட எனக்குப் பிடித்தது அவர் செய்த வேறொரு காரியம். 1960களின் தொடக்கத்தில், ஆக்லந்து நகரில், இருதய நோய் கண்ட நடுவயதினரையும் முதியவர்களையும் சேர்த்து மெல்லோட்டம் ஓடப் பழக்கினார். 1962இல் அமெரிக்கப் பயிற்சியாளர் பில் போவர்மன் அங்கே விருந்தினராகப் போனார். வயது 51. தம்மை நல்ல தேகக்கட்டு உடையவர் என்று எண்ணிக்கொண்டிருந்தவர். ஒரு குன்றின் மேல் அந்தக் கூட்டத்தோடு ஓடியபோது எழுபது வயதைக் கடந்த, இருதய நோயிலிருந்து மீண்ட ஒரு பெரியவர் அவரைப் பின்னே விட்டுவிட்டுப் போனாராம். போவர்மன் நாடு திரும்பி, மெல்லோட்டத்தை அமெரிக்கருக்குக் கற்றுக்கொடுத்தார். அதைப் பற்றி நூலும் எழுதினார்.

இவற்றையெல்லாம் நான் படித்திருந்தேன். படித்தும் தவறு செய்தேன். அறுபதாம் வயது தொடங்கிய ஆண்டில், ஏறுவதுதான் கடினம், இறங்குவது இனாம் என்று எண்ணி, மலைப்பாதையில் கீழ்நோக்கிப் பாய்ந்து ஓடிப் பழகினேன். கடிகாரம் காட்டிய வேகம் மதுவைப் போல மயக்கிற்று. கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம்! இளைஞனாகிவிட்டேன் என்றே நினைத்தேன். நான்காம் வாரத்தில், காலையில் கட்டிலிலிருந்து எழுந்து நிற்க முடியவில்லை.

காரணம் எளியது. மேட்டில் ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. அங்கே களைப்பது பெரும்பாலும் இருதயமும் நுரையீரலும். இறங்கும்போதோ அதே தசை நீண்டுகொண்டே உடலைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் அது ஒரு கடிவாளம். அந்த இழுப்பில் தசைநார்கள் நுண்ணிய அளவில் கிழிகின்றன. முழங்கால் மூட்டும் அடி வாங்குகிறது. இளைஞனுக்கு இரண்டு நாளில் ஆறுவது முதியவனுக்கு ஒரு வாரம் ஆகும். ஆறுவதற்கு முன்பே மறுபடியும் இறங்கி ஓடினால் நடப்பது என்ன என்பதற்கு நானே உதாரணம். ஆறு வாரம் ஓட்டம் இல்லை.

அந்த ஆறு வாரமும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது என் தந்தையாரை நினைத்துக்கொண்டேன். அவருக்கும் சர்க்கரை நோய் இருந்தது. கடைசிக் காலத்தில் வலக்காலில் புண் வந்து, ஆறாமல், அந்தக் காலை எடுக்க வேண்டியதாயிற்று. இதே திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பார். இங்கிருந்து ஏரிக்கரைக்குப் போய் வர வேண்டும் என்பார், போக முடியவில்லை. அறுபத்திரண்டாம் வயதில் இறந்தார். நான் இரண்டு மணி நேரக் கணக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமா என்று என் மனைவி ஒரு முறை கேட்டாள். நான் இல்லையென்றேன். அவள் நம்பவில்லை.

கால் குணமான பிறகு மருத்துவரிடம் போய் இருதயத்தையும் சோதித்துக்கொண்டு புதிதாகத் தொடங்கினேன். வயதான பின் ஓட்டத்தைத் தொடங்குகிறவர்கள் இந்தச் சோதனையை முதலிலேயே செய்துகொள்ள வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். இம்முறை வாரத்துக்கு நான்கு நாள்தான் ஓட்டம். மூன்று நாள் மெதுவாக. ஒரு நாள் மட்டும் வேகமாக. மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் என்பது பயிற்சியாளர்களின் விதி. பேசத் துணையில்லாததால் நான் பதினேழாம் வாய்பாட்டை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஓடினேன். பதினேழெட்டு நூற்று முப்பத்தாறு என்று ஒரே மூச்சில் வந்தால் வேகம் சரி. நூற்று என்பதற்கும் முப்பத்தாறு என்பதற்கும் நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிற பெண்கள் என்னைப் பார்த்து ஒதுங்கி நிற்கத் தொடங்கினார்கள். வாத்தியாருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஊரில் பேச்சு.

வேகமான நாளில் மேட்டில் மட்டும் ஓடினேன். ஏற்றத்தில் மூன்று நிமிடம் விரைந்து ஏறுவது, இறக்கத்தில் நடந்து வருவது. இப்படி ஆறு முறை. இறக்கத்தில் நடப்பது பெரிய அவமானமாகத் தோன்றியது. என்னிடம் படித்த பையன் ஒருவன், இப்போது வாடகை வண்டி ஓட்டுகிறான், ஒவ்வொரு முறையும் நிறுத்தி, "ஐயா, ஏறிக்குங்க, வீட்ல விட்டுடறேன்" என்பான். பங்குனி, சித்திரையில் முதல் மழை விழுந்து காப்பி பூத்தபோது மலை முழுவதும் மல்லிகை மணம் வீசிற்று. அந்த நாட்களில் மட்டும் வாய்பாட்டை விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு ஓடினேன்.

1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் பிராணவாயு அந்த அளவுக்குக் குறைவாகவே கிடைக்கிறது. ஆகையால் ஏற்காட்டில் ஓடுகிறவன் சமவெளிக்கு இறங்கினால் காற்று அவனுக்குத் தாராளமாக இருக்கும். இது என் இரகசிய முதலீடு என்று நினைத்திருந்தேன். ஆனால் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ள கடற்கரையில் வேறொன்று காத்திருக்கிறது. அது ஈரக்காற்று. மலையில் வியர்வை உடனே உலர்ந்து உடலைக் குளிர்விக்கும். கடலோரத்தில் அது உலராமல் வழிந்துகொண்டே இருக்கும். எனவே போட்டிக்குத் தைமாதத்து விடியற்காலையைத் தேர்ந்தெடுத்தேன். சென்னைக் கடற்கரைப் பக்கம் நடந்த ஓர் அரை மாரத்தான்.

இருட்டில் ஆயிரக்கணக்கானவர்கள் நின்றார்கள். என் இடப்பக்கம் நின்ற கல்லூரி மாணவன், "தாத்தா, இது உங்களுக்கு எத்தனாவது?" என்று கேட்டான். "ஒன்பதாவது" என்றேன். "எனக்கு முதல்" என்றான். முகத்தில் பயம் தெரிந்தது. முதல் கிலோமீட்டரை மெதுவாக ஓடு என்று அவனுக்கு அறிவுரை சொன்னேன். சொல்லிவிட்டு நானே அதைக் கேட்கவில்லை. பத்துக் கிலோமீட்டரை 56 நிமிடம் 20 விநாடியில் கடந்தேன். கணக்குப்படி 56 நிமிடம் 53 விநாடி ஆகியிருக்க வேண்டும். 33 விநாடி சேமிப்பு என்று மனம் குதித்தது. அது சேமிப்பு அல்ல, கடன் என்பது பிறகுதான் தெரிந்தது. பதினைந்தாவது கிலோமீட்டரில் 1 மணி 25 நிமிடம். சேமிப்பு 19 விநாடியாகச் சுருங்கிவிட்டது. கிழக்கே கடல் வெளுத்துக்கொண்டிருந்தது. தொடைகள் கனத்தன. ஆனாலும், இந்த வேகத்தில் போனால் முடியும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

பதினேழாவது கிலோமீட்டரில் வலக்காலணியின் கயிறு அவிழ்ந்தது.

சிரிக்காதீர்கள். அப்படியே ஓடினால் தடுக்கி விழுவேன். என் வயதில் விழுவது விளையாட்டல்ல. சர்க்கரை உள்ளவனுக்குக் காலில் காயம் என்ன செய்யும் என்பதைத் திண்ணையில் பார்த்தவன் நான். நின்றேன். குனிந்தேன், இடுப்பு குனிய மறுத்தது. நடைமேடை விளிம்பில் காலைத் தூக்கி வைத்தேன். விரல்கள் வியர்வையில் வழுக்கின. கயிறு ஊறிப் போய்ச் சுருட்டிக்கொண்டிருந்தது. ஒரு வழியாக முடிச்சிட்டு நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தபோது 25 விநாடி போய்விட்டிருந்தது. நின்று புறப்பட்ட கால்கள் பழைய வேகத்துக்கு வர மறுத்தன. பதினேழாம் வாய்பாட்டை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். பதினேழைந்துக்கு மேல் வரவில்லை.

இருபதாவது கிலோமீட்டரை 1 மணி 54 நிமிடம் 25 விநாடியில் கடந்தேன். அங்கேயே கணக்குத் தெரிந்துவிட்டது. மீதமுள்ள தூரத்தை ஐந்தரை நிமிடத்தில் ஓடினால்தான் உண்டு. அன்றைக்கு அது என்னால் ஆகாது. ஆனாலும் நடக்கவில்லை. முடிவுக் கோட்டைத் தாண்டியபோது 2 மணி 41 விநாடி. என் பழைய நேரத்தைவிட 3 நிமிடம் 29 விநாடி குறைவு. வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு விநாடி கேட்டதில் பத்து கிடைத்திருக்கிறது. முதல் முறை ஓடிய அந்த மாணவன் எனக்கு முன்பே வந்து சேர்ந்து, வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். எனக்கும் ஒன்று உரித்துக் கொடுத்தான்.

ஏற்காட்டுக்குத் திரும்பிய அன்று மாலை என் மனைவி அந்தக் காலணியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எட்டு வருஷமாக ஓடக் கற்றுக்கொண்டீர்களே, ஒரு முடிச்சுப் போடக் கற்றுக்கொள்ளவில்லையா?" என்றாள். பிறகு, பூக்கட்டுகிற கையால் இரட்டை முடிச்சு எப்படிப் போடுவது என்று காட்டிக் கொடுத்தாள். இழுத்துப் பார்த்தேன், அவிழவில்லை. ஆக, 41 விநாடியில் 25 விநாடிக்குக் கணக்குத் தெரிந்துவிட்டது. மீதிப் பதினாறு விநாடியை நாகலூர் சாலையில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். சென்ற வாரம் அந்த மூதாட்டியை மறுபடியும் அதே இடத்தில் பார்த்தேன். இந்தத் தடவை அவர் எதுவும் கேட்கவில்லை. சுமையைச் சற்று நகர்த்தி எனக்கு வழி விட்டார்.